தெரியும் என்று சொன்னவள்

ஜோசபின் வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தது இது நான்காவது தடவை. முதல் மூன்று கடிதங்களையும் அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள். கேட்டவர்களிடமெல்லாம், "என்ன செய்யறது, ஆபிஸ்ல விடமாட்டேங்கறாங்க" என்றாள். கேட்டவர்களும் நம்பினார்கள். எல்லாரையும்விட அதிகமாக நம்பியவன் அவள் கணவன் மார்க்கஸ். "உன் பாஸை நரகத்துல தனி அடுப்பு வெச்சுத்தான் வேக வெப்பாங்க" என்று அவன் சொல்லாத வாரம் கிடையாது.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. சுங்கைப்பட்டாணியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் கணினிக்கு நிரல் எழுதுகிறாள். எழுதுகிறாள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். மற்றவர்கள் எழுதிப் போட்டுவிட்டுப் போனதைக் கட்டிக் காக்கிறாள். தெற்கே செர்டாங்கிலிருந்து வடக்கே ஜித்ராவைத் தாண்டியும் எட்டு செம்பனை எண்ணெய் ஆலைகளில் அந்தக் கம்பெனியின் நிரல் ஓடுகிறது. ஆலைக்காரர்களுக்குக் கம்பெனியின் பெயர் மறந்தாலும் ஜோசபினின் கைப்பேசி எண் மறக்காது. கோயிலில் பாதிப் பூசையில் எழுந்து வெளியே போய், "லோரி நம்பர் சொல்லுங்க" என்று பேசிவிட்டு, நற்கருணை முடிந்த பிறகு உள்ளே வந்து நிற்கிற பெண்ணை அந்தப் பங்கில் எல்லாருக்கும் தெரியும்.

மார்க்கஸ் ஏழு வருடமாக ஜித்ராவில் இருக்கிறான். அங்கே ஒரு கல்லூரியில் ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்க்கும் வேலை. அவனை அங்கே மாற்றியபோது, "ஆறு மாசத்துல நானும் வந்துடறேன்" என்றாள். அந்த ஆறு மாதம் ஏழு வருடமானது. கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. வியாழன் சாயங்காலம் காரை, அந்த ஊர்ப் பேச்சில் காடியை, எடுத்துக்கொண்டு வடக்கே போவாள். சனி சாயங்காலப் பூசைக்குத் திரும்பிவிடுவாள். மற்ற நாட்களில் மார்க்கஸ் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டான், அதாவது சமைக்கவில்லை, கடையில் கிடைத்ததைத் தின்றான். பிள்ளைகள் இல்லாத வீடு, கேட்க ஆள் இல்லை. ஏற்கெனவே உடம்பில் சர்க்கரை. இந்த ஜனவரியில் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன.

செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் ஊசியைக் குத்தி நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். முடிந்ததும் தலை சுற்றும். சனிக்கிழமை ஜோசபின் இருப்பாள். மற்ற இரண்டு நாளும் அந்தத் தலைச்சுற்றலோடு அவனேதான் காடி ஓட்டி வீட்டுக்கு வருவான். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை வழியில் காடியை ஓரங்கட்டி, வாந்தி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்திருக்கிறான். அவன் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அந்த வாரமே ஜோசபின் நான்காவது கடிதத்தைக் கொடுத்தாள்.

முதலாளி நவமணி கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை அவர். "சரிம்மா, போ. புருஷன் உசுருதான் முக்கியம். ஜூலை முப்பத்தொண்ணு கடைசி நாள்னு வெச்சுக்கோ. ஆனா ஒழுங்கா ஒப்படைச்சுட்டுப் போ" என்றார். புதிதாக ஒரு ஆளும் எடுத்துக் கொடுத்தார். ஒப்படைப்புக்கு ஒரு தாள் அடித்தார்கள். அதில் நிரலின் ஐந்து பகுதிக்கு ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் "தெரிந்துகொண்டேன்" என்று புது ஆள் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்திலும் விழுந்தால் ஆகஸ்டில் அவள் ஜித்ராவில் இருப்பாள். விழாவிட்டால் நவமணி, "இன்னும் ஆறே மாசம்மா" என்பார். அவளும் தலையாட்டுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஐந்து என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலிருந்து லோரிகள் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வரும். வெட்டிய குலை காத்துக் கிடந்தால் எண்ணெய் கெடும். எந்த லோரி எந்த மேடையில் எப்போது இறக்க வேண்டும் என்று சொல்வதுதான் இவர்களுடைய நிரலின் வேலை. முதலில் அதை ஜாவா என்ற மொழியில் எழுதினார்கள். ஜாவாவில் எழுதியதைக் கணினி நேராக வாங்கிக்கொள்ளாது. அதை அரைத்து மாவாக்கி, கணினிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும். இரும்பும் கிடையாது, திருகாணியும் கிடையாது, பாவனையாக ஓர் இயந்திரம். அதற்கு ஒரு நல்ல குணம். அரிசியா, உளுந்தா, கேழ்வரகா என்று அது கேட்பதில்லை. மாவாக வந்தால் சரி. அதனால் உலகத்தில் கை சும்மா இருக்காதவர்கள் எல்லாம் அந்த இயந்திரத்துக்கு ஏற்றபடி வேறு வேறு மொழிகளை உண்டாக்கிவிட்டார்கள்.

நவமணிக்கு நிரல் எழுதத் தெரியாது. முன்பு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். ஆனால் இந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. "ஓடற மிஷின் ஒண்ணுதானே? அவன் எந்தப் பாஷையில எழுதுனா நமக்கு என்னலா?" என்பார். இதில் ஒரு கணக்கும் இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் சுங்கைப்பட்டாணியில் நிற்பதில்லை. ஒரு வருடம் வேலை பழகிவிட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பறந்துவிடுவார்கள். அவர்களைப் பிடித்து வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, பிடித்த மொழியில் எழுத விடுவது. ஒருவன் குரூவியில் எழுதினான். அடுத்தவன் ஜைத்தனில் எழுதினான். இன்னொருத்தி ஸ்காலாவில்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எழுதினார்கள், இரண்டு வருடம் கூடுதலாக இருந்தார்கள், பிறகு போய்த்தான் போனார்கள். மொழிகள் மட்டும் போகவில்லை.

ஒவ்வொருவர் போனபோதும் அவர் விட்டுப்போனதை ஜோசபின் கற்றுக்கொண்டாள். குரூவிக்கு மூன்று வாரம். ஜைத்தனுக்கு ஒரு மாதம். ஸ்காலாவுக்கு ஏழு மாதமும் தலைமுடியில் பாதியும். அவள் பெரிய பட்டம் படித்தவள் இல்லை, பாலிடெக்னிக் டிப்ளோமாதான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அவளே தன்னைச் சொல்லிக்கொள்வாள்.

ஐந்தாவது மொழி பரஞ்சோதியோடு வந்தது. குளோஜர் என்ற மொழியைக் கையோடு கொண்டுவந்தான். அந்த மொழியில் எங்கே பார்த்தாலும் அடைப்புக்குறி. ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று, கடைசியில் மூடும்போது வரிசையாக ஏழெட்டு. ஆனால் பரஞ்சோதி மூளைக்காரன், அதில் சந்தேகம் இல்லை. லோரிகளின் வரிசையை முடிவு செய்கிற முக்கியமான பகுதியை ஆயிரத்து நானூறு வரியில் எழுதி முடித்தான். அதற்கு முன் லோரிகள் ஆலை வாசலில் அரை நாள் நின்றன. அதற்குப் பின் இரண்டு மணி நேரத்தில் இறக்கிவிட்டுப் போயின. ஆலைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த மாதம் அவன் மெல்பர்னுக்குப் போய்விட்டான்.

அவன் போன மறுநாள் நவமணி எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "பரஞ்சோதி எழுதுனது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அறையில் ஆறு பேர். பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.

ஜோசபின் பிறந்து வளர்ந்தது திகாம் பத்து பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். அங்கே விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும்போது, "இது யாருக்குத் தெரியும்?" என்று மண்டோர் கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாது என்றவனுக்கு அன்றைக்குப் புல்வெட்டு. இரண்டாம் தடவை தெரியாது என்றால் பேரே கூப்பிட மாட்டார்கள். முதலில் கையைத் தூக்க வேண்டும், பிறகு ஒளிந்து கற்றுக்கொள்ள வேண்டும். அவளுடைய அப்பா டிராக்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கியவர். ஆலைக்குப் பின்னால் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஒரு வாழை மரத்தைச் சாய்த்து, அப்புறம் இருபது வருடம் டிராக்டர் ஓட்டினார். அந்த வீட்டுப் பெண் வேறு என்ன சொல்வாள்?

"எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

அப்பாவுக்கு அரை மணி நேரத்தில் வந்தது. மகளுக்குப் பதினோரு வருடத்தில் வரவில்லை. புத்தகம் வாங்கிப் படித்தாள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது, பத்து வரி சேர்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. மாவைத் திரும்ப ஜாவாவாக மாற்றித் தருகிற கருவி ஒன்று உண்டு. அதில் போட்டுப் பார்த்தாள். பேர் ஊர் இல்லாத ஒன்பதாயிரம் வரி வந்து விழுந்தது. அதைப் பார்த்த அன்று கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். பரஞ்சோதிக்கு இரண்டு முறை எழுதினாள். முதல் முறை, "படிச்சா புரியும்க்கா" என்று பதில் வந்தது. இரண்டாவது முறை பதிலே வரவில்லை.

ஆனால் ஆலை சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மேடையில் ஆள் இல்லை, நிரல் லோரியை அனுப்புகிறது என்று ஒரு புகார். சின்னத் தோட்டக்காரர்களின் பிக்கப் வண்டிகளைக் காலையிலிருந்து மாலை வரை பெரிய லோரிகளுக்குப் பின்னாலேயே நிறுத்துகிறது என்று இன்னொரு புகார். ஜோசபின் உள்ளே கையை வைக்கவில்லை. வெளியே, தனக்குத் தெரிந்த ஜாவாவில், ஓர் ஒட்டுப் போட்டாள். குளோஜர் சொல்கிற பதிலை வாங்கி, வெள்ளிக்கிழமையாக இருந்தால் மாற்று. பிக்கப்பாக இருந்தால் மாற்று. எல்லாரும் அவள் உள்ளே போய்த் திருத்திவிட்டதாக நினைத்துப் பாராட்டினார்கள். பதினோரு வருடத்தில் அப்படி அறுபத்தொரு ஒட்டு. ஒவ்வொன்றுக்கும் மேலே தேதி, எந்த ஆலை, யார் என்ன கேட்டார் என்று எழுதி வைத்தாள். அந்த ஒழுங்கு மட்டும் அவளிடம் உண்டு. சில நாள் ஒரு ஒட்டு இன்னொரு ஒட்டோடு சண்டை போடும். எங்கே பிடுங்கிக்கொள்ளும் என்று தெரியாது. புலி வாலைப் பிடித்தவள் தூங்குவது எப்படி? அவள் சரியாகத் தூங்கி வருடக்கணக்காயிற்று.

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் நவமணி கேட்டது ஒன்றுதான்: "பரஞ்சோதி பகுதிய யாருக்காவது சொல்லிக் கொடுத்துட்டுப் போம்மா." நியாயமான கேள்வி. சொல்லிக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆபிஸில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று வீட்டில் சொன்னாள். முதல் தடவை, மார்க்கஸை ஜித்ராவுக்கு மாற்றியபோது. இரண்டாவது, அவனுக்குச் சர்க்கரை ஏறிக் கால் புண் ஆறாமல் இருந்தபோது. மூன்றாவது, இந்த ஜனவரியில்.

புது ஆள் குணாளன், ஜோசபினைவிட மூன்று வயது இளையவர். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் ஜாவா எழுதியவர். தொழிற்சாலை மூடிவிட்டார்கள், எட்டு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்க மாட்டார். ஜாவா, குரூவி, ஜைத்தன், ஸ்காலா என்று நான்கு கட்டங்களிலும் கையெழுத்துப் போட மூன்று வாரம் பிடித்தது. ஸ்காலாவை முடித்த அன்று இரண்டு பேரும் கீழே போய்த் தே தாரிக் குடித்தார்கள். ஐந்தாவதை அவரே படித்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஜோசபின், "படிங்க படிங்க" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

ஜூலை இருபத்து நான்கு, வியாழன். மத்தியானம் குணாளன் நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? பரஞ்சோதி ஃபைலோட ஹிஸ்டரி எடுத்துப் பாத்தேன். யாரு எப்ப எந்த வரியத் திருத்துனாங்கன்னு அதுல இருக்குமில்ல. எல்லாம் அவரு பேருதான். உங்க பேரு ஒரு எடத்துலகூட இல்ல. பதினோரு வருஷமா ஒரு புள்ளிகூட மாறல."

இந்தக் கேள்விக்குத்தான் ஜோசபின் இத்தனை வருடமாகப் பயந்துகொண்டிருந்தாள். வந்தபோது பதில் தானாக வாயிலிருந்து விழுந்தது.

"அவன் அவ்வளவு சுத்தமா எழுதியிருக்கான் குணா. தொட வேண்டிய தேவையே வரல."

குணாளன் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். "ஆமாக்கா. நானும் அதான் நெனச்சேன்" என்றார்.

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா. போலேலா, செஞ்சுடலாம். ஞாயித்துக்கெழம பாஸ் முன்னால சைன் பண்ணிடறேன்."

இவருக்குப் புரிந்துவிட்டது! ஜோசபினுக்கு முதலில் சுருக்கென்றது. பதினோரு வருடம் தன் மண்டைக்குள் ஏறாதது இந்த மனிதருக்கு ஒரு வாரத்தில் ஏறிவிட்டதே என்ற பொறாமை. பிறகு, தொல்லை விட்டது என்ற நிம்மதி. பொய் சொன்னாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. தெரிந்தவர் கையில் போய்ச் சேர்கிறது. அப்படிச் சொல்லிக்கொண்டே வடக்கே காடி ஓட்டினாள்.

சனிக்கிழமை டயாலிசிஸ் நடக்கும்போது மார்க்கஸ் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தான். நர்ஸைக் கூப்பிட்டு, "அடுத்த வாரத்துலேர்ந்து வீட்டம்மா இங்கதான். இனிமே நான் காடி ஓட்ட வேண்டியதில்ல" என்றான். பக்கத்து நாற்காலியில் ஊசியோடு உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவரிடமும் அதையே மலாயில் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். ஜோசபினும் சிரித்தாள். சாயங்காலம் திரும்பி வரும்போது, இப்படித் திரும்பி வருவது இதுதான் கடைசித் தடவை என்று எண்ணிக்கொண்டாள்.

ஞாயிறு காலை நவமணி இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒப்படைப்புத் தாள். நாலு கட்டத்தில் கையெழுத்து, ஐந்தாவது காலி. பேனாவும் பக்கத்தில் இருந்தது.

"சைன் போடறதுக்கு முன்னால ஒரு நல்ல சமாச்சாரம்" என்றார் நவமணி. "செர்டாங் மில்லுல மூணாவது மேடை கட்டிட்டான். நம்ம புரோகிராம்ல அதையும் சேக்கணும். அது பரஞ்சோதி பகுதிதான், இல்லையா? குணாகிட்ட காலையிலயே கேட்டுட்டேன். ரெண்டு வாரம் போதும்னுட்டாரு. செர்டாங்குக்கும் சொல்லிட்டேன்."

மூன்றாவது மேடையை வெளியே ஒட்டுப் போட்டுச் சேர்க்க முடியாது. உள்ளே இரண்டு மேடை என்பதை வைத்துத்தான் ஆயிரத்து நானூறு வரியும் நின்றன. உள்ளே போயே ஆக வேண்டும். ஜோசபின் குணாளனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே வாய் உலர்ந்திருந்தது, கண் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தது, கை முழங்காலைப் பிடித்திருந்தது. அந்த முகத்தை அவள் வேறு எங்கேயும் தேட வேண்டியதில்லை. பதினோரு வருடமாகத் தினம் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

இவருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டார்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குணாளன் கையெழுத்துப் போடுவார். வியாழக்கிழமை அவள் போய்விடலாம். அப்புறம் நடப்பது நடக்கட்டும். தனக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மார்க்கஸ் நர்ஸிடம் சொன்னதும் காதில் கேட்டது. குணாளன் பேனாவை எடுத்தார்.

"அண்ணே" என்றாள் ஜோசபின். "எனக்கு அது தெரியாது."

"எது?"

"பரஞ்சோதி எழுதுனது. எனக்குத் தெரியாது. எப்பவுமே தெரியாது. வெளிய ஜாவாவுல ஒட்டுப் போட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். உள்ள ஒரு எழுத்துகூடத் தொட்டதில்ல. குணாகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

நவமணி சிரித்தார். "போதும்மா தாழ்மை. பதினோரு வருஷம் ஓட்டிட்டு இப்ப தெரியாதுங்கற."

"ஓட்டுனேன்ணே. தெரிஞ்சுக்கிட்டு ஓட்டல."

சிரிப்பு மெதுவாக நின்றது. அவர் தாளை எடுத்தார், வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீ இப்பப் போக முடியாதுல்ல. இதத் தெரிஞ்சுக்கிட்டு, இவருக்கும் சொல்லிக் கொடுத்துட்டு... ஒரு ஆறு மாசம்..."

"நான் இங்க இருந்தாலும் எனக்குத் தெரியாதுதான்ணே" என்றாள் ஜோசபின். குரல் உயரவில்லை. சோர்ந்துபோன குரல். "பதினோரு வருஷம் இருந்து பாத்துட்டேன். இருக்கறதால தெரிஞ்சுடாது."

நவமணி தாளில் காலியாக இருந்த கட்டத்தை விரலால் தடவினார்.

பேனாவை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. குணாளனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "போன வியாழக்கெழமையே சொல்லியிருக்கலாமேக்கா!" என்றார். அவர் அப்படிச் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. "பத்து நாளா அதப் படிக்கறேன். ஒண்ணும் ஓடல. அக்காவுக்குப் புரிஞ்சுது, சுத்தமா இருக்குங்கறாங்க, நமக்குத்தான் மூளை மழுங்கிப் போச்சுன்னு நெனச்சேன். எட்டு மாசம் வீட்டுல சும்மா உக்காந்ததுல எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். சம்சாரத்துகிட்ட, நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல, விட்டுடறேன்னு நேத்துதான் சொன்னேன். அவ அழுதுட்டா." பிறகு நவமணியைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க பாஸ். ரெண்டு வாரம்னு சும்மா சொன்னேன். எனக்கும் தெரியாது" என்றார்.

கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் வந்தது. ஜோசபினுக்கு வெட்கமாக இருந்தது. தனக்காக அல்ல, அந்த மனிதரின் மனைவி அழுததற்காக. ஒரு பொய் எத்தனை வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது!

கடைசியில் நவமணிதான் கேட்டார். "அப்ப செர்டாங்குக்கு என்ன சொல்றது?"

"அந்தப் பகுதியத் தூக்கிப் போட்டுட்டு ஜாவாவுல புதுசா எழுதணும் பாஸ்" என்றார் குணாளன். "அக்கா ஒவ்வொரு ஒட்டுக்கும் மேல மில்லுக்காரன் என்ன கேட்டான்னு எழுதி வெச்சிருக்காங்க. அத வெச்சு எழுதலாம். ஆறு மாசம் ஆவும். ஏழுகூட ஆவும்."

நவமணி செர்டாங் மேலாளரைக் கைப்பேசியில் கூப்பிட்டார். ஜோசபின் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலாயில் இரண்டு நிமிடம் பேச்சு. மேடைக்கு இன்னும் கூரையே போடவில்லையாம். அடுத்த வருடம் ஆனாலும் பரவாயில்லை என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. நவமணி கைப்பேசியை வைத்துவிட்டு, "சரி" என்றார், யாரிடம் என்று தெரியாமல். குணாளன் ஐந்தாவது கட்டத்தில் "யாருக்கும் தெரியாது" என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டார்.

வியாழக்கிழமை கேக் வெட்டினார்கள். நவமணி நாலு நல்ல வார்த்தை சொன்னார், ஆனால் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தம் இருக்காதா? குணாளன் படி வரை வந்து, "புது எடத்துல ஒடம்பப் பாத்துக்குங்கக்கா" என்றார். அன்று டயாலிசிஸ் முடிந்து மார்க்கஸ் கடைசித் தடவையாகத் தானே ஓட்டிக்கொண்டு போயிருந்தான். அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது தூங்கிவிட்டிருந்தான்.

சனிக்கிழமை காலை அவளே ஓட்டினாள். நர்ஸ் ஊசியைக் குத்தி, குழாயை மாட்டிவிட்டுப் போனாள். மார்க்கஸ் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டான்.

"எப்படித்தான் விட்டான் அந்த ஆளு? நான் கடைசி நிமிசம் வரைக்கும் நம்பல."

"நான் ஒண்ணு சொன்னேன். விட்டுட்டாரு."

"அப்படி என்ன சொன்ன?"

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவளுக்கு அதற்குத் தெம்பில்லை. பரஞ்சோதி போன மறுநாளிலிருந்து ஐந்தாவது கட்டம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மார்க்கஸ் குழாயில் போகிற தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப, நான் இங்க மாறி வந்தப்ப? மொத லெட்டர்?"

"அவரு புடிச்சு வெக்கல. நானாத்தான் திரும்ப வாங்கிக்கிட்டேன்."

"கால் புண்ணு வந்தப்ப?"

"அப்பவும் நான்தான்."

மூன்றாவதை அவன் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். ஏழு வருடம் இந்த மனிதன் தனியாகக் கடையில் தின்றான். பக்கத்தில் இருந்து ஒரு தட்டுச் சோறு அளந்து போட்டிருந்தால், மாத்திரையைக் கையில் வைத்து விழுங்கும்வரை நின்றிருந்தால், இந்த நாற்காலிக்கு அவன் வராமலே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்ட பேச்சுக்குப் பயந்து அவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

"ஏழு வருஷத்த நான்தான் தொலைச்சேன் மார்க்கஸ்" என்றாள். "ஒரு வார்த்தைக்குப் பயந்துகிட்டு."

பக்கத்து நாற்காலிப் பெரியவர் குறட்டை விட்டார். இயந்திரம் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"வாய் காயுது" என்றான் கடைசியில், கண்ணைத் திறக்காமல். "தண்ணி குடுக்க மாட்டாங்க. நர்ஸ்கிட்ட ஒரு ஐஸ் கட்டி கேட்டு வாங்கிட்டு வா."

போய் வாங்கி வந்தாள். அவன் வாயைத் திறந்தான். அவள் அதை நாக்கில் வைத்தாள். அவள் விரலில் ஒழுகிய தண்ணீரையும் அவன் உதட்டால் துடைத்துக்கொண்டான், ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை. முடிய இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அவள் நாற்காலியை அவன் ஊசி இல்லாத கைப்பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.